புளியந்தீவில் இரிடியம்

"மனே, இந்த இரிடியம் எண்டு ஒண்டு மெய்யாவே இருக்கா?"

கேட்டது அடுத்த வீட்டு மாமா. நாங்கள் நின்றது புளியந்தீவில், கைத்தொலைபேசி திருத்தும் ஒரு சின்னக் கடை வாசலில். மாமாவின் ஃபோன் திரையில் மேலிருந்து கீழாக, நூல் பிடித்ததுபோல ஒரு பச்சைக்கோடு விழுந்திருந்தது. எதைத் திறந்தாலும் கோடு அப்படியே நிற்கும். திரையை மாற்றத்தான் வேண்டும் என்று கடைக்காரத் தம்பி சொல்லி, விலையையும் சொல்லிவிட்டார். அந்த விலையை மறக்கத்தான் மாமா பேச்சை வேறு பக்கம் திருப்பினார் என்று நினைக்கிறேன்.

அவர் யூடியூப்பில் பார்த்திருந்தது தமிழ்நாட்டுச் செய்தி. அங்கே இது பழைய கதை. இடி விழுந்த கோயில் கலசத்தில் செம்பு இரிடியமாக மாறியிருக்கிறதாம். பக்கத்தில் அரிசியைப் போட்டால் இழுக்குமாம். வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வாங்குகிறார்களாம். இப்போது முற்பணம் கட்டினால் பங்கு உண்டாம். 'இரிடியம் மோசடி' என்ற சொற்றொடருக்கு அங்குள்ள பத்திரிகைகளில் ஏறக்குறைய நிரந்தர இடமே கிடைத்துவிட்டது.

கலசக்காரர்கள் இரசாயனம் படித்திருந்தால் கொஞ்சம் கவனமாகப் பொய் சொல்லியிருப்பார்கள். இரிடியம் இரும்புபோலக் காந்தத்தில் ஒட்டாது. அரிசியை அது என்ன செய்யும்? செம்பின் அணுக்கருவில் 29 புரோத்தன்கள், இரிடியத்தில் 77. எந்த இடியும் அந்தக் கணக்கை மாற்றாது. செம்பு 1085 பாகை செல்சியஸில் உருகும், இரிடியத்துக்கு 2446 வேண்டும். பழைய காலத்துக் கன்னார் எவருடைய உலையும் அதை எட்டியிருக்காது. போதாததற்கு, அப்படி ஒரு மூலகம் இருப்பதே 1803 வரை எவருக்கும் தெரியாது. லண்டனில் சிமித்சன் தெனன்ற் என்பவர் பிளாட்டினத் தாதுவை இராசதிராவகத்தில் கரைத்தபோது கரையாமல் கிடந்த கறுப்புத் தூளிலிருந்துதான் அது வந்தது. அதன் உப்புகள் பல நிறங்களில் மின்னியதால் கிரேக்கரின் வானவில் தெய்வமான ஐரிஸின் பெயரை வைத்தார்.

"இருக்குது மாமா. உங்கட கையிலயே இருக்குது" என்று அந்தப் பச்சைக்கோட்டைக் காட்டினேன்.

மாமா நம்பவில்லை. ஆனால் சங்கதி அதுதான். இப்படிப்பட்ட திரைகளில் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று சின்னச் சின்ன விளக்குகள் உண்டு. அவை காபன் சேர்வைகளாலான மெல்லிய படலங்கள். மின் பாய்ந்தால் தாமே ஒளிரும். பச்சைக்கும் சிவப்புக்கும் பொதுவாக இரிடியச் சேர்வைகளே வேலை செய்கின்றன. மாமாவின் ஃபோனில் ஒரு நிரலுக்குப் போகும் இணைப்புப் பழுதாகி, அந்த நிரலின் பச்சை விளக்குகள் அணைய மறந்து எரிந்துகொண்டிருந்தன.

இந்தப் பச்சை விளக்குகளின் மூதாதை ஒரு மஞ்சள் தூள். நடுவில் ஓர் இரிடிய அணு. அதை மூன்று பக்கமாகப் பிடித்தபடி பீனைல்பிரிடீன் என்ற மூன்று இணையிகள். 1985இல் கலிபோர்னியாவில் வாற்ஸும் கூட்டாளிகளும் இந்த வகைச் சேர்வையைச் செய்து விவரித்தார்கள். 1999இல் பொரஸ்ற், தொம்சன் ஆகியோரின் குழுக்கள் அதைத் திரை விளக்காக்கிக் காட்டின. மின்னைக் கொடுத்தால் ஒளி தருகிறது என்பது அதன் ஒரு முகம். அதே தூளைக் கரைத்து, ஒளியைக் கொடுத்தால் என்ன தரும்? இலத்திரன் தரும். சேதன இரசாயனத்தில் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாக நடக்கும் பெரிய சலசலப்பு இந்த மறு முகத்தைப் பற்றியது.

அதற்கு முதலில் மஞ்சளைப் பற்றிப் பேச வேண்டும்.

வெள்ளை வேட்டியில் குழம்பு சிந்திவிட்டால் அம்மாமார் என்ன செய்வார்கள்? தோய்த்து, நல்ல வெயிலில் காயப்போடுவார்கள். சவர்க்காரத்துக்கு அசையாத மஞ்சள் கறை பின்னேரம் கொடியிலிருந்து எடுக்கும்போது மங்கியிருக்கும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் ஒளியை வாங்கித் தானே சிதைந்துபோகிறது. ஒரு பொருள் மஞ்சளாகத் தெரிகிறது என்றால், வெள்ளை ஒளியிலிருந்து நீலத்தை அது விழுங்கிவிட்டது என்று பொருள். பிறந்த பிள்ளைக்குச் செங்கமாரி கண்டால் நீல விளக்கின் கீழ் கிடத்துகிறார்களே, அதிலும் இதே கணக்குத்தான். பிள்ளையின் தோலை மஞ்சளாக்கும் பிலிருபின் நீல ஒளியை விழுங்கி உருவம் மாறுகிறது. மாறிய உருவம் தண்ணீரில் இலகுவாகக் கரைந்து உடம்பை விட்டுப் போய்விடுகிறது. 1950களின் நடுவில், இங்கிலாந்தின் எசெக்சில் ஒரு மருத்துவமனைத் தாதி, வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்ததில் தொடங்கிய வைத்தியம் அது.

இரசாயனவியலாளருக்கு வாய்த்த தலைவலி இதற்கு நேர்மாறு. மருந்து செய்யப் பயன்படும் சேதனச் சேர்வைகளில் பெரும்பாலானவை நிறமற்றவை, அல்லது வெள்ளைத் தூள்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி அவற்றை ஊடறுத்துச் சும்மா போய்விடும். அவற்றை ஒளியால் அசைக்க வேண்டுமானால் கழியூதாக் கதிரைப் பாய்ச்ச வேண்டும். 254 நனோமீற்றர் கழியூதா ஒரு மூலுக்கு ஏறக்குறைய 470 கிலோயூல் சக்தி சுமக்கிறது. சாதாரண காபன் – காபன் பிணைப்பை அறுக்க 350 அளவு போதும். ஆகவே வேண்டிய இடத்தில் மட்டுமல்ல, வேண்டாத இடத்திலும் அறுபடும். திறப்பைத் தொலைத்தவர் கதவைக் கோடரியால் கொத்துவதுபோல. 450 நனோமீற்றர் நீல ஒளியோ மூலுக்கு 266 கிலோயூல்தான். மூலக்கூறுகளை உடைக்காத சாதுவான சக்தி. ஆனால் வாங்குவதற்கு ஆளில்லை.

மஞ்சள் தூள் அந்த வாங்கும் ஆள். குர்க்குமின் ஒளியை வாங்கித் தன்னையே அழித்துக்கொள்ளும். இரிடியச் சேர்வை வாங்கிய சக்தியை மற்றவரிடம் கொடுத்துவிட்டுப் பழையபடி வந்து நிற்கும்.

எப்படி? ஒளி பட்டவுடன் இரிடியத்தில் இருந்த ஓர் இலத்திரன் தாவி இணையியில் போய் ஏறிக்கொள்கிறது. இந்த நிலைக்கு இலங்கைப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் 'அருட்டப்பட்ட நிலை'. தமிழ்நாட்டார் கிளர்வு நிலை என்கிறார்கள். எனக்கு எங்களுடையதுதான் பிடிக்கும். தூங்கும் பிள்ளையை அருட்டாதே என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவருக்கு விளக்கமே வேண்டியதில்லை: அமைதியாகக் கிடந்ததை யாரோ தட்டி எழுப்பிவிட்டார்கள், இனி அது யாரையாவது பிடித்து இழுக்கும். கலைச்சொல் பேச்சு வந்ததால் ஒன்று: காரைதீவில் பிறந்து, கல்லடியில் அடக்கமாகியிருக்கும் விபுலானந்த அடிகளை யாழ் நூலுக்காக நினைக்கிறோம். துறவுக்கு முன்னர் அவர் இரசாயனம் படிப்பித்தவர் என்பதையும், 1930களில் சென்னையில் அறிவியற் கலைச்சொல் ஆக்கும் வேலையில் முன்நின்றவர் என்பதையும் பலர் மறந்துவிட்டோம்.

அருட்டப்பட்ட மூலக்கூறு ஒரு விசித்திரப் பிறவி. இணையியில் ஓர் இலத்திரன் மிச்சம். உலோகத்தில் ஓர் இலத்திரன் குறை. அதனால் ஒரே நேரத்தில் அது முன்னிலும் தாராளமான கொடையாளியும் முன்னிலும் பேராசைக்கார வாங்கியும் ஆகிவிடுகிறது. தாழ்த்தவும் தெரியும், ஒட்சியேற்றவும் தெரியும். கொடுக்கும் வலிமையை அளந்தால், நிறைவுற்ற கலோமெல் மின்வாய்க்கு எதிராக −1.73 வோல்ற். இருட்டில் போத்தலுக்குள் ஒன்றுக்கும் உதவாதுபோலக் கிடக்கும் தூள், நீல விளக்கை ஏற்றியதும் பிடிவாதமான பிணைப்புகளுக்குள்ளும் இலத்திரனைத் திணிக்கிறது.

இங்கேதான் பாதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல. ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையும் பாதைதான். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை அதில்தான் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போனோம். குருமண்வெளியில் ஏறி மண்டூர்த் துறையில் இறங்கியவர்களுக்கும் அது தெரியும். பாதை எவரோடும் ஊருக்குள் போவதில்லை. இறக்கிவிட்டுத் திரும்பும், திரும்பினால்தான் அடுத்த நடை. இரிடியமும் அப்படி. அருட்டப்பட்டதும் தன் இலத்திரனை ஒரு மூலக்கூற்றிடம் கொடுக்கிறது. வாங்கியது பிளந்து, ஒற்றை இலத்திரனோடு தவிக்கும் சுயாதீன மூலிகமாகி, கண்ணில் பட்டதோடு பிணைகிறது. இலத்திரனை இழந்து நிற்கும் இரிடியம் வேறொரு மூலக்கூற்றிடமிருந்து ஒன்றை வாங்கிப் பழைய கரைக்கு வந்துசேர்கிறது. மறுபடி ஒரு துளி நீல ஒளி, மறுபடி ஒரு நடை. இதனால்தான் நூறு மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில், பல வேளைகளில் அதிலும் குறைவாக, போட்டாலே போதும்.

ஆனால் பாதை துறையில் எவ்வளவு நேரம் காத்து நிற்கும் என்பதில்தான் எல்லாம் கிடக்கிறது. சாதாரணச் சாயம் ஒன்று ஒளியை வாங்கினால் சில நனோசெக்கனில் பழைய நிலைக்கு விழுந்துவிடும். அதற்குள் பயணி ஏற வேண்டும். இரிடியம் பாரமான அணு. பாரமான அணுக்களைச் சுற்றும் இலத்திரன்களில் கறங்கல் எனப்படும் தற்சுழற்சிக் குணம் இலகுவாகத் திசை மாறும். அருட்டப்பட்டவுடனே, கணக்கிலெடுக்க முடியாத வேகத்தில், இலத்திரன் தன் கறங்கலைத் திருப்பிக்கொள்கிறது. திரும்பிய பிறகு பழைய இடத்துக்கு இறங்குவது விதிப்படி தடை. தடையை மெல்ல மெல்லத்தான் மீற முடியும். அதனால் மஞ்சள் தூள் ஏறக்குறைய 1.9 மைக்குரோசெக்கன் விழித்திருக்கும். இது ஒரு நேரமா என்று கேட்கலாம். லீற்றருக்குப் பத்தில் ஒரு மூல் சரக்குக் கரைந்திருக்கும் கரைசலில், ஒரு மூலக்கூறு சரக்கை முட்டுவது நனோசெக்கனுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நனோசெக்கன் வாழும் சாயத்துக்கு ஐந்து சந்திப்பு. இரிடியத்துக்கு ஏறக்குறைய ஈராயிரம்.

ஃபோன் திரையிலும் இதே கறங்கல் வித்தைதான். மின்னால் அருட்டும்போது நான்கில் மூன்று தடவை இலத்திரன் அந்தத் தடைசெய்த நிலைக்குள்தான் விழும். சாதாரணச் சாயம் அங்கிருந்து ஒளிர முடியாமல் சக்தியை வெப்பமாக வீணாக்கும். இரிடியம் அங்கிருந்தும் ஒளிரும்.

ஆய்வுகூடத்தில் இதைப் பார்ப்பது அழகு. சிறு கண்ணாடிக் குப்பிக்குள் வெளிர் மஞ்சள் கரைசல். ஊசி வழியாக நைதரசன் குமிழியிட்டு உள்ளிருக்கும் ஒட்சிசனை வெளியேற்றுகிறது. காற்றின் ஒட்சிசன்தான் இந்தத் துறையில் கூலி கொடுக்காமல் ஏறும் பயணி, விட்டால் சக்தி முழுவதையும் அதுவே கொண்டுபோய்விடும். குப்பியைச் சுற்றி, கலியாண வீட்டுக்குக் கட்டுவதுபோல, நீல எல்.ஈ.டி. நாடா. பக்கத்தில் சூடு தணிக்க ஒரு மின்விசிறி. இவ்வளவுதான் உலை. பல ஆய்வுகூடங்களில் மீன்தொட்டிப் பவளங்களுக்கென்று செய்த நீல விளக்கையே பூட்டியிருப்பார்கள். விளக்கை ஏற்றியதும் குப்பி பச்சையாக ஒளிரும், மாமாவின் கோட்டைப்போல. இப்போது இலத்திரன் வாங்கும் சரக்கை ஊசியால் சேர்த்தால் பச்சை மங்கும்; போதிய அளவு சேர்த்தால் அணைந்தேபோகும். ஒளியாக வெளியேறியிருக்க வேண்டிய சக்தி இப்போது இரசாயனத்துக்குள் போகிறது. எவ்வளவு சரக்குக்கு எவ்வளவு மங்குகிறது என்று அளந்தே தாக்கத்தின் பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள்.

இந்த அணைதலையே தொழிலாக்கிய ஓர் இலங்கையர் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன பிரசன்ன டி சில்வா. அவருடைய மூலக்கூறுகளில் ஒரு பகுதி ஒளிரும். இன்னொரு பகுதி இலத்திரனைத் தள்ளி அந்த ஒளிர்வை அணைக்கும். சோடியம் போன்ற அயன் வந்து பிடித்துக்கொண்டால் தள்ளல் நின்று விளக்கு எரியும். அந்த வழியில் உருவான உணரிகள் மருத்துவமனைகளில் இரத்தத்தின் சோடியம், பொற்றாசியம் அளக்கும் கருவிகளுக்குள் போயின. 1993இல் இரண்டு அயன்கள் சேர்ந்து வந்தால் மட்டுமே ஒளிரும் மூலக்கூற்றைச் செய்து, கணினியின் தருக்கப் படலையை ஒரு மூலக்கூற்றுக்குள் கொண்டுவந்தார். அங்கே இரிடியம் இல்லை. ஆனால் முதல் அடி ஒன்றே: ஒளி அருட்டும், இலத்திரன் தாவும்.

ஒளியைக் கொண்டு இரசாயனம் செய்யும் எண்ணம் எங்களுடைய நூற்றாண்டில் முளைத்ததல்ல. இத்தாலியின் பொலோஞ்ஞாவில் ஜியாக்கோமோ சாமிசியன் தன் ஆய்வுக்கூடத்து வெளிமாடத்தில் வரிசை வரிசையாகக் குடுவைகளை வெயிலில் அடுக்கி, மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தவர். 1912இல் நியூயோர்க்கில் ஆற்றிய உரையில், நிலக்கரிப் புகையில்லாமல் வெயிலே தொழிற்சாலை நடத்தும் காலத்தைக் கற்பனை செய்தார். பிறகு நீண்ட மௌனம், இடையிடையே சில குரல்கள். புனே தேசிய இரசாயன ஆய்வுகூடத்தில் கணேஷ் பாண்டே ஒளியால் தூண்டிய இலத்திரன் தாவலைத் தொகுப்புக்குப் பயன்படுத்தியது அப்படியொரு குரல். 2008இல் கதவு திறந்தது. பிரின்ஸ்டனில் டேவிட் மக்மிலனும், விஸ்கொன்சினில் டெஷிக் யூனும் தனித்தனியே, இரிடியத்தின் உறவான ருத்தேனியச் சேர்வையைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் காபன் – காபன் பிணைப்புகளைக் கட்டிக் காட்டினார்கள். மக்மிலன் குழு பயன்படுத்தியது வீட்டில் பூட்டும் 15 வாற் மின்குமிழ். அடுத்த ஆண்டு கோரி ஸ்டீபன்சன் சேர்ந்துகொண்டார். ருத்தேனியத்தை விட இரிடியம் வலியது. இணையிகளை மாற்றி மாற்றி அதன் கொடுக்கும் வலிமையையும் வாங்கும் வலிமையையும் மெருகேற்றலாம். ஆகவே கடினமான வேலை எல்லாம் அதனிடம் வந்தது.

எனக்குப் பிடித்தது 2014இன் வேலை. இரிடியத்தோடு நிக்கலையும் ஒரே குப்பியில் போட்டார்கள். அமினோ அமிலம் ஒன்றிலிருந்து இரிடியம் இலத்திரனைப் பறிக்க, காபொட்சிலிக் பகுதி காபனீரொட்சைட்டாகக் குமிழியிட்டு ஓடுகிறது. மிஞ்சிய மூலிகத்தை நிக்கல் பிடித்து ஓர் அரோமற்றிக் வளையத்தோடு ஒட்டிவிடுகிறது. மலிவான அமினோ அமிலம், கழிவு வெறும் வாயுவும் உப்பும், விளைவோ மருந்துக் கம்பனிகள் தேடும் வகைச் சேர்வை. பல படிகளில் செய்ததை ஒரே இரவில் செய்கிறார்கள்.

மாமா இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்றார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப இந்த ஃபோனுக்குள்ள இருக்கிறதை எடுத்து வித்தா எவ்வளவு வரும்?"

நியாயமான கேள்வி. உலகம் முழுவதும் ஆண்டொன்றுக்கு எடுக்கும் இரிடியம் ஏழெட்டுத் தொன்தான். தங்கம் மூவாயிரம் தொன்னுக்கு மேல். இரிடியத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்குப் போட்டால், ஓராண்டு விளைச்சல் முழுவதையும் பக்கம் 70 சென்ரிமீற்றர் உள்ள ஒரு கனச்சதுரமாக வார்த்துவிடலாம். தேநீர்க் கடை மேசைக்குக் கீழே தள்ளிவைக்கலாம், தள்ளத்தான் ஆளிராது. அதிலும் பெரும்பங்கு தென்னாபிரிக்காவில், பிளாட்டினம் தோண்டும்போது கூடவே வருவது. பூமி உருகியிருந்த காலத்தில் பெரும்பாலான இரிடியம் இரும்போடு மையத்துக்கு இறங்கிவிட்டது. அதனால்தான், 1980இல் அல்வாரெஸ் என்ற தந்தையும் மகனும் கூட்டாளிகளும் பழைய களிமண் படையொன்றில் அளவுக்கு மிஞ்சிய இரிடியத்தைக் கண்டபோது, இது வானத்திலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும், டைனசோர்களை முடித்ததும் அந்த விண்கல்தான் என்று வாதாட முடிந்தது. 2021இல் விலை அவுன்சுக்கு 6000 டொலரைத் தாண்டியது. தண்ணீரைப் பிளந்து ஐதரசன் எடுக்கும் ஒரு வகை இயந்திரத்துக்கும் இதுவே வேண்டும் என்பதால் போட்டி இன்னும் கூடும்.

ஆனால் திரைப் படலத்தில் இருப்பது மில்லிகிராமின் மிகச் சிறிய துணுக்கு. "ஒரு டொபிக்கும் காணாது மாமா" என்றேன். மாமா முகம் சுருங்கியது.

வெயிலுக்குக் குறைவில்லாத எங்களைப் போன்ற இடங்களுக்கு, கிராம் கணக்கில் இரிடியம் வாங்கி இந்த இரசாயனத்தைச் செய்வது பொருத்தமென்று எனக்குத் தோன்றவில்லை. மருந்தில் மிஞ்சும் உலோகத்தைத் துடைத்தெடுக்கும் செலவு வேறு. நல்ல வேளை, பாதை ஓட்ட வேறு ஆட்களும் இருக்கிறார்கள். விற்றமின் பீ2, அதாவது ரைபோபிளேவின், ஓர் ஒளியூக்கி. பீ கொம்பிளெக்ஸ் குளிசை போட்ட அன்று சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, அந்த மஞ்சள். நீலத்தை விழுங்கும் அதே குணம். கண்ணாடிப் போத்தல் பாலை வெயிலில் வைத்தால் சுவை கெடுவதும் அதனால்தான். இன்னொன்று இயோசின். நோயியல் ஆய்வுகூடங்களில் இழையங்களை இளஞ்சிவப்பாக்கும் மலிவுச் சாயம். பச்சை விளக்கில் இது ருத்தேனியம் செய்யும் வேலைகள் பலவற்றைச் செய்யும் என்று 2011இல் ஜேர்மனியின் பேர்க்காட் கூனிக் குழு காட்டியது. இரிடியத்தின் வலிமை இதற்கில்லை, ஓடி ஓடி வெளுத்தும்போகும். ஆனாலும் ஒரு பல்கலைக்கழக மாணவி தன் செலவுக் கணக்கைப் பார்த்துப் பயப்படாமல் போத்தலைத் திறக்கலாம்.

பள்ளிக்கூட நாளில் என்னிடம் ஒரு மைப்பேனை இருந்தது. நிப்பின் முதுகில் ஆங்கிலத்தில் 'இரிடியம் பொயின்ற்' என்று பொறித்திருக்கும். அதைக் காட்டித் திரிந்திருக்கிறேன். அப்படிப் பொறித்த நிப்புகள் பலவற்றின் நுனியில் இரிடியமே இல்லை, வேறு கடின உலோகக் கலவைகள்தான் என்று மிகப் பின்னர்தான் அறிந்தேன். எங்கள் வாத்தியாரின் மேசையில் சிவப்பு மைக் குப்பியும் இருக்கும். பழைய சிவப்பு மைகளில் இயோசின் சேர்ப்பது வழக்கம். அவர் திருத்திய கொப்பி ஒன்று ஜன்னலோரம், வாவிப் பக்கத்து வெயிலில் நெடுநாள் கிடந்தது. நான் எழுதிய நீல எழுத்து அப்படியே இருந்தது. அவர் போட்ட புள்ளிகள்தான் வெளிறிப்போயிருந்தன. எத்தனை என்று வாசிக்க முடியவில்லை.